எல்லாம் பச்சை

வியாசர்பாடி எழில்மொழி தன் மேனேஜர் ரவிக்குமாரைப் புழுவைவிடக் கேவலமாகத்தான் நினைத்தாள். ஆள் கெட்டவர்கூட இல்லை. கெட்டவராக இருக்கவும் கொஞ்சம் வேலை தெரிந்திருக்க வேண்டும்.

எண்ணூர் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகளுக்கு கேட் பாஸ் தரும் மென்பொருள் கிளவுடில் ஓடுகிறது. அது நிற்காமல் பார்த்துக்கொள்வது ராயபுரத்திலுள்ள இவர்கள் அலுவலகத்தின் வேலை. ஒன்று படுத்தால் இன்னொன்று எடுத்துக்கொள்ள இரண்டு சர்வர்கள். எப்போது மாற்றுவது என்று முடிவு செய்ய, ரிசோர்ஸ் ஏஜென்ட் என்கிற சின்ன ஸ்கிரிப்ட். அரை நிமிடத்துக்கு ஒருமுறை அது சர்வரிடம் சும்மா ஒரு பாஸ் கேட்டுப் பார்க்கும். வராவிட்டால் அடுத்த சர்வரிடம் வேலையை ஒப்படைக்கும். அதை எழுதியவள் எழில்மொழி. டிப்ளமோ முடித்து, நாலு வருஷம் புகார் போன்களை எடுத்தபடியே தானாகக் கற்றுக்கொண்டவள்.

ஒவ்வொரு மாற்றமும் மாத அறிக்கையில் சிவப்பாக விழும். ரவிக்குமாருக்குச் சிவப்பு ஆகாது. பாஸ் கேட்பதை எடுத்துவிடு, சர்வரில் மென்பொருள் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும் என்றார். மூச்சு விடுகிறான் என்பதற்காக மயங்கிக் கிடப்பவனை வேலைக்கு அனுப்புவீர்களா என்று கேட்டாள். அவள் பேச்சில் வந்த ஒரு ‘கீது’வைத் திருப்பிச் சொல்லி எல்லார் முன்னாலும் சிரித்தார் அந்த மனுஷன். மெயிலில் போடுங்கள் என்று அவள் கேட்டதற்கு, வாயால் சொன்னால் போதும் என்றார். அவளுடையது ஒப்பந்த வேலை, மார்ச்சில் புதுப்பிக்க அவர் கையெழுத்து வேண்டும். எடுத்துவிட்டாள். ஸ்கிரிப்டில் எடுத்த இடத்தில் ஒரு குறிப்பை மட்டும் தட்டி வைத்தாள்.

பிப்ரவரியில் ஒரு வியாழன், காலை பத்து மணிக்கு சர்வர் உறைந்துபோனது. மென்பொருள் ஓடிக்கொண்டுதான் இருந்தது, பாஸ் மட்டும் வரவில்லை. ஏஜென்ட் நலம் நலம் என்றே சொல்லிக்கொண்டிருக்க, இரண்டாவது சர்வர் வெட்டியாக உட்கார்ந்திருந்தது. லாரிகள் திருவொற்றியூர் வரை நின்றுவிட்டன. ரவிக்குமாரோ சுவர்த் திரையைக் காட்டி, எல்லாம் பச்சையாகத்தானே இருக்கிறது என்றார். கையால் மாற்றவும் விடவில்லை, சிவப்பு விழுந்துவிடுமாம். டிரைவர்கள் வெயிலில் குடிக்கத் தண்ணீர்கூட இல்லாமல் கிடப்பதை போனில் கேட்டபோது, அவளுக்குத் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. ஒரு மணிக்கு யாரையும் கேட்காமல் மாற்றினாள். நாற்பது விநாடியில் பாஸ் வந்தது.

மறுநாள் அந்த லாரிகளை அனுப்பும் கன்டெய்னர் கம்பெனியிலிருந்து மொஹ்சின் என்ற இன்ஜினியர் விசாரிக்க வந்தார். தப்பு ஏஜென்ட்டில்தான், எழுதியவள் இதோ இருக்கிறாள், இவளை மேற்கொண்டு வைத்துக்கொள்வதா என்று யோசிக்க வேண்டும் என்றார் ரவிக்குமார். ஸ்கிரிப்டைப் பெரிய திரையில் திறக்கச் சொன்னதும் அவரேதான். நிச்சயமாகத் திறக்கவா என்று அவள் ஒரு தடவை கேட்டாள். திற என்று அதட்டினார்.

மொஹ்சின்தான் நிதானமாக வாசித்தார். “ரவிக்குமார் சார் வாயால் சொன்னபடி பாஸ் சோதனை நீக்கப்பட்டது. சர்வர் உறைந்தால் இனி தெரியாது. எழில்மொழி, நவம்பர் பன்னிரண்டு.”

இதையெல்லாம் எதற்கு இதற்குள்ளே எழுதினாய் என்று ரவிக்குமார் முனகினார்.

“நீ ஒரு நாளும் தொறந்து பாக்க மாட்டேன்னு தெரியும் சார்,” என்றாள். “அதான் அங்க எய்தி வச்சேன்.”