பெரிய பையைத்தான் நான் கேட்டேன்

என் கணவரின் நெஞ்சில் அடைபட்ட குழாயை விரித்து, உள்ளே சிறு கம்பிச்சுருள் வைத்து ஒரு வருடமாகியிருந்தது. நடக்கலாம், மெதுவாகத் துடுப்பு வலிக்கலாம், பாரம் மட்டும் தூக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். நடப்பதையும் துடுப்பு வலிப்பதையும் அவர் நன்றாக ஞாபகம் வைத்திருந்தார். பாரத்தை நான் ஞாபகம் வைத்திருந்தேன். கிணற்றடியில் வாளியைத் தொட்டால் கத்துவேன். காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் நின்றாலும் கத்துவேன். அரிசி மூட்டை வந்தால் அவரை அறைக்குள் அனுப்பிவிட்டு நானே இழுத்து வைப்பேன்.

அவர் கடற்கரை ஊர்க்காரர். ஒரு வருடம் தண்ணீரைப் பார்க்காமல் வீட்டுக்குள் இருந்ததில் முகமே வெளிறிப்போயிருந்தது. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த அவருடைய தம்பி, கொழும்பில் யாரிடமோ வாங்கிய கனூ வள்ளம் ஒன்றை எங்கள் முற்றத்தில் விட்டுவிட்டுப் போனார். அதைப் பார்த்த நாளிலிருந்து இவருக்கு ஒரே கதைதான். வடமராட்சி நீரேரியில் ஒரு பகல் வலித்துப் போய், மறுகரையில் சமைத்துச் சாப்பிட்டுத் தங்கி, அடுத்த நாள் திரும்ப வேண்டும். கோடையில் நடுவில் நீர் வற்றி, தரவை என்று நாங்கள் சொல்லும் வெறும் நிலமாகிவிடும். அந்த வெட்டையில் வள்ளத்தை இழுத்து, சாமான்களைச் சுமந்து, அடுத்த தண்ணீருக்குப் போக வேண்டும். அதற்கென்றே பைகள் இருக்கின்றன என்று தம்பி சொல்லியிருந்தார்.

ஒருநாள் தம்பி கனடாவில் ஒரு கடைக்குள் நின்றுகொண்டு வீடியோவில் அழைத்தார்.

"அண்ணி, ரண்டு சைஸ் இருக்கு. சின்னன் எண்டால் ரண்டு எடுக்கவேணும். பெரிசு எண்டால் ஒண்டே காணும்."

"சின்னன் ரண்டு எடு," என்றார் இவர் என் தோளுக்குப் பின்னாலிருந்து. "ஆளுக்கு ஒண்டு."

ஆளுக்கு ஒன்றாம்! எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"தம்பி, பெரிசைக் காட்டும்," என்றேன்.

தம்பி அதை நிலத்தில் வைத்து வாயை விரித்துக் காட்டினார். ஒரு ஆள் உள்ளே குந்தியிருக்கலாம். உள்ளறைகள் எதுவும் கிடையாது, ஒரே வாய்தான். தோளுக்குப் பட்டி, இடுப்புக்குப் பட்டி, நெஞ்சுக்குப் பட்டி.

"உதை ஆர் தூக்கிறது?" என்று கேட்டார் இவர்.

"நான்."

"உமக்கென்ன விசரோ?"

"ஓம், விசர்தான். தம்பி, பெரிசை வாங்கும்."

அவர் தோளில் ஒரு தேங்காய்கூட ஏறக்கூடாது என்பதுதான் என் கணக்கு. எல்லாம் ஒரே பைக்குள், அந்தப் பை என்னிடம். இதில் பிழை பிடிக்க யாராலும் முடியாது என்று எனக்குள் ஒரு கெப்பரும் பெருமையும் வேறு.

ஊருக்கு வந்த ஒருவரின் பெட்டியோடு பை வந்து சேர்ந்தது. அரிசி, தண்ணீர்க் கான், சட்டிபானை எல்லாம் போட்டு, துவாயைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் ஏற்றிப் பார்த்தேன். நான் கரவெட்டியில் தோட்டக்காரரின் மகள். வெங்காயம் நிரம்பிய ஓலைக் கடகம் சுமந்த தலைக்கு இது பெரிய விஷயமில்லை. பை ஆடாமல் நின்றது. வீடியோவில் பார்த்த தம்பி, "ஐயோ அண்ணி, கழுத்து முறிஞ்சுபோம்! முதுகிலை போட்டுப் பட்டியெல்லாத்தையும் இறுக்கிப் பூட்டுங்கோ," என்று கத்தினார். இவர், "என்ன, சுன்னாகம் சந்தைக்கே போறீர்?" என்று சிரித்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முதுகில் போட்டுப் பழகினேன்.

வெளிக்கிட்ட காலையில் பக்கத்து வீட்டு அக்கா வேலியடியில் நின்று, "தூரமோ?" என்று கேட்டார். புறப்படுகிறவரிடம் எங்கே என்று கேட்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. "ஓம், கொஞ்சம் தூரந்தான்," என்றார் இவர். எந்தப் பக்கம் போகிறோம் என்று அக்காவுக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது.

தண்ணீரில் போனவரைக்கும் ஒரு குறையுமில்லை. தரவையில் இறங்கினோம். வள்ளத்தைக் கரையில் விட்டோம். முதலில் பையை அடுத்த தண்ணீரடியில் வைத்துவிட்டு வந்து, வள்ளத்தை நானே கயிறு கட்டி இழுப்பதாக ஏற்பாடு. நெஞ்சிலும் இடுப்பிலும் பட்டிகளின் கொளுக்கிகளைப் பூட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன். அவர் துடுப்புகளோடு பின்னால் வந்தார்.

மேலே காய்ந்த உப்புப் பொருக்கு. உள்ளே சேறு என்று எனக்கெப்படித் தெரியும்? வலது கால் முழங்கால்வரை போனது. இழுக்கப் பார்த்தேன், இடது காலும் போனது. பை என்னை முன்னால் தள்ளியது. குப்புற விழுந்தேன். முகம் சேற்றுக்குள், முழுப் பாரமும் முதுகில். கொளுக்கிகள் வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் கீழே மாட்டிக்கொண்டன. விரலை நுழைத்தால் சேறு வழுக்குகிறது. தலையில் வைத்திருந்தால் பொத்தென்று சரித்துவிட்டு எழும்பியிருப்பேன்.

அவர் ஓடி வரும் சத்தம் கேட்டது.

"கிட்ட வராதேங்கோ! தொடாதேங்கோ!" வாயெல்லாம் சேறு.

"பேசாமல் இரும்!"

"ஐயோ, தூக்காதேங்கோ! உங்களைக் கும்பிடுறன்!"

என் முதுகுப் பாரம் மெல்ல மேலே போவதை உணர்ந்தேன். பையையும் என்னையும் சேர்த்து அவர் தூக்கினார். முதலில் சரிவரவில்லை. மறுபடி முக்கித் தூக்கி என்னைப் புரட்டிப் போட்டு, கொளுக்கிகளைக் கழற்றினார். பிறகு அப்படியே சேற்றில் சப்பாணி கட்டி உட்கார்ந்துவிட்டார். வலது கையை நெஞ்சில் வைத்திருந்தார்.

"நோகுதோ?"

கையை எடுக்காமலே இருந்தார். மூச்சு இரைந்தது. நெற்றியெல்லாம் வேர்வை.

நெஞ்சு நோவுக்கு டொக்டர் தந்த, நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசை பைக்குள்ளே இருந்தது. எங்கே? அடியில்! அரிசியை எறிந்தேன், பானையை எறிந்தேன், பாயை, போர்வையை, கறித்தூள் போத்தலை எறிந்தேன். அம்மாளாச்சி, அம்மாளாச்சி என்று வாய் தானாகப் புலம்பியது. போனில் சிக்னல் இல்லை. சுற்றிலும் வெட்டை, ஒரு குருவிகூட இல்லை. கடைசியில் உடுப்புச் சுருளுக்குள் குளிசைப் போத்தல் அகப்பட்டது. அவர் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை.

கனநேரத்துக்குப் பிறகு, "தலைதான் இடிக்குது. உந்தக் குளிசையாலை," என்றார். "நெஞ்சு நோகேல்லை. நீர் அழுதீர் எண்டுதான் வாங்கினனான்."

"அப்ப ஏன் நெஞ்சிலை கையை வைச்சனீங்கள்?" நான் கத்தினேன்.

"எப்பிடி அடிக்குது எண்டு பார்த்தனான்." அவர் சிரிக்கவில்லை. "நல்லா அடிக்குது. ஒரு வருஷமாய் நீர் என்னைச் செத்தவனாய் வைச்சிருக்கிறீர். உம்மைத் தூக்கினாப் பிறகுதான் நான் உயிரோடை இருக்கிறன் எண்டு எனக்கே தெரிஞ்சுது."

எனக்கு அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. சேற்றில் சிதறியவற்றைப் பொறுக்கினேன். அரிசியையும் கானையும் பானையையும் போர்வையில் போட்டு மூட்டையாகக் கட்டினேன். பாயும் உடுப்பும் பைக்குள் போயின. பை பாதிக்கும் குறைவாகத்தான் இருந்தது. கையில் தூக்கி நிறுத்துப் பார்த்தேன். பிறகு இன்னும் ஒரு தரம் நிறுத்துப் பார்த்தேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பையை அவர் காலடியில் வைத்தேன். மூட்டையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"தூக்குங்கோ," என்றேன்.