ஆளுநருக்கு நான் வாசித்த அறிமுக உரை

போன வருடம் தைப்பொங்கல் சமயம். பாரிஸ் லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பதினொரு வருடமாகக் கோப்பை கழுவுகிறேன். எங்கள் பொங்கல் விழாவில் எனக்குக் கதிரை மேசை அடுக்குகிற வேலைதான். மைக்கை என் கையில் யார் தருவார்கள்?

சனிக்கிழமைகளில் எங்கள் கடைக்கு இடியப்பமும் சொதியும் சாப்பிட ஓர் அமெரிக்கப் பெரியவர் வருவார். பிரெஞ்சு நன்றாகப் பேசுவார். ஒருநாள் அவர் தந்த அட்டையிலிருந்த பெயரைப் போனில் தட்டிப் பார்த்தேன். அம்மாடி! ஒரு மாநிலத்துக்கே இரண்டு தடவை ஆளுநராக இருந்தவராம்!

பிரதம விருந்தினர் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த விழாக் குழுவிடம் ஓடினேன். "நீர் கொண்டுவாற ஆள் எண்டால், அறிமுக உரையையும் நீரே வாசியும்" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவரிடம் விழாவுக்கு வருவீர்களா என்று மட்டும் கேட்டேன். "நீங்கள் ஆளுநரா?" என்று பெரிய மனிதரிடம் கேட்பது மரியாதையா? போனே தமிழாக்கித் தந்த வாழ்க்கை வரலாற்றை நாலு தாளில் அச்செடுத்தேன். மூன்றை வாசித்துப் பழகினேன். நாலாவதைப் பார்க்க நேரமில்லை.

விழாவன்று அவருக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, குத்துவிளக்கும் ஏற்றியாயிற்று. நான் முழங்கினேன். வக்கீலானது, தேர்தலில் வென்றது, பாலம் கட்டியது எல்லாவற்றுக்கும் கைதட்டல். நாலாவது தாளையும் அதே வேகத்தில் எடுத்து, "நோய்வாய்ப்பட்டிருந்து, குடும்பத்தினர் சூழக் காலமானார்" என்று வாசித்துவிட்டேன்.

முன்வரிசையிலிருந்த என் மனைவி, "இஞ்சேரப்பா, அந்தாள் உயிரோடை எல்லோ இருக்குது!" என்று கத்தினாள். கழுத்தில் மாலையும் பக்கத்தில் விளக்குமாக அவர் இருந்த கோலத்தைப் பார்த்துச் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு மானமே போய்விட்டது. இனிக் கதிரை அடுக்கவும் கூப்பிடமாட்டார்கள் என்று நினைத்தேன்.

என்ன நடந்தது என்று அவர் கேட்டார். பிரெஞ்சில் சொன்னேன். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு மைக்கை வாங்கி எல்லோருக்கும் பிரெஞ்சிலேயே சொன்னார்:

"அது என் அப்பா. எனக்கும் அவருடைய பெயரையே வைத்துவிட்டார்கள். அதே பதவிக்கு நானும் இரண்டு தடவை தேர்தலில் நின்றேன். இரண்டு தடவையும் தோற்றேன். ஊரில் எனக்கு ஒருவரும் கைதட்டியதில்லை. இன்று கிடைத்ததைத் திருப்பித் தரமாட்டேன்!"

நாங்கள் அப்பா பெயரைப் பிள்ளையின் பெயருக்கு முன்னால் போடுவோமே தவிர, அதையே பிள்ளைக்கு வைப்போமா? எனக்கு எங்கே தெரியும்! சனம் எழுந்து நின்று கைதட்டியது. அவர் என் தோளில் கைபோட்டு என்னையும் முன்னுக்கு இழுத்துவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தன் தோல்வியைச் சபையில் எடுத்துச் சொல்லி என் மானத்தைக் காப்பாற்றிய அவரை, ஆளுநர் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது.