யசோதரா வாசித்த சீமாட்டி

பதினெட்டு வருடங்களாக யசோதரா அக்காவும் நானும் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரே விரிவுரையாளர் அறையில் இருந்தோம். நான் கற்பித்தது இலங்கை வரலாறு. அவர் ஆராய்ந்தது டச்சுப் பிரபுக் குடும்பங்களை, அதுவும் முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முந்தியவற்றை.

"உங்களுக்கும் அவையளுக்கும் என்ன உறவு? எங்கட திரியாயைப் பற்றி எழுத ஆளில்லை" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அக்காவின் தகப்பன் திருகோணமலைப் பக்கத்துத் திரியாய்க் கிராமத்தவர். அந்தக் கேள்வி அக்காவுக்கு வலிக்கும்.

உண்மையில் அவர் புலமைப்பரிசிலில் நெதர்லாந்துக்குப் போனது திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிப் படிக்கத்தான். அதற்காகவே டச்சு மொழியும் அந்தக் காலத்துச் சுருள் கையெழுத்தும் பழகினார். டச்சுக் கிழக்கிந்தியக் கொம்பனியோடு தொடர்பிருந்த ஒரு குடும்பத்தின் காகிதங்களைத் தேடி நாட்டுப்புற மாளிகை ஒன்றுக்குப் போன இடத்தில், யொஹானா என்ற விதவையின் கடிதங்கள் கைக்கு வந்தன. கணவனின் பாட்டி பிரபு வம்சமில்லை என்று சொல்லி, அவளுடைய மகனைப் பிரபுக்கள் சபையில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருடங்கள் அவள் எழுதி எழுதி வழக்காடியிருக்கிறாள்.

"ஒரு கடிதத்திலயும் அவ கெஞ்சேல்லை, நபீஸா" என்றார் அக்கா என்னிடம் ஒருமுறை. துறைமுகத்தை அவர் அதற்குப் பிறகு தொடவில்லை.

மாளிகைக்காரர் படமெடுக்க விடவில்லை. அக்கா நான்கு கோடைகாலங்கள் அங்கே போயிருந்து, கடிதங்களைப் பார்த்துப் பென்சிலால் எழுதினார். முப்பத்தொரு கொப்பிகள். நேரம் போதாததால் பாதிச் சொற்களைத் தனக்கு மட்டும் விளங்கும் குறிகளாகச் சுருக்கினார். பிறகு மாளிகை கைமாறியது. கடிதங்கள் ஏலத்தில் கட்டுக்கட்டாகப் பிரிந்து போயின. இன்று அவை முழுதாக இருப்பது அக்காவின் வீட்டு அலுமாரியில் மட்டும்தான்.

அவற்றை வைத்து அவர் எழுதத் தொடங்கிய புத்தகத்தில் இரண்டு அத்தியாயங்கள் முடிந்திருந்தன. போன வருடம் மாசியில், விரிவுரை நடத்திக்கொண்டிருக்கும்போதே பாரிசவாதம் வந்து விழுந்தார். மூன்று மாதத்தில் எழும்பி நடந்தார். தமிழ் மெல்ல மெல்லத் திரும்பியது. ஆங்கிலம் அரைகுறையாக வந்தது. டச்சு வரவேயில்லை.

அவருடைய கணவர் யுகேந்திரன் கணித ஆசிரியர். நான் பார்க்கப் போன ஒரு பின்னேரம், கொப்பி ஒன்றை அக்காவின் முன்னால் விரித்து வைத்தார்.

"யசோ, இதை ஒருக்காப் பாருமன். உம்மட கையெழுத்துத்தானே?"

அக்கா பக்கத்தைத் தடவிப் பார்த்தார். "என்ர எழுத்துத்தான். என்ன எழுதியிருக்கு?"

யுகேந்திரன் என்னைப் பார்த்தார். எனக்கும் டச்சு தெரியாது.

"யொஹானாவின்ர மகனுக்குக் கடைசியில இடம் குடுத்தவையளோ, அக்கா?" என்று கேட்டேன்.

அக்கா கொப்பியின் பக்கங்களைப் புரட்டினார். "இதில எங்கையோ எழுதியிருப்பன்" என்றார்.

எந்த மொழி திரும்பும், எது திரும்பாது என்று சொல்ல ஏலாது என்றுவிட்டார் வைத்தியர். யுகேந்திரன் போனில் டச்சு படிக்கத் தொடங்கினார். அது கடையில் பாண் வாங்கவும் வழி கேட்கவும் உதவுகிற டச்சு. அக்காவின் குறிகளையெல்லாம் அட்டவணை போட்டார். கணக்குப் போலத் தீர்த்துவிடலாம் என்று நினைத்தார். ஒரே குறி ஓரிடத்தில் 'மகன்' என்றும் இன்னோரிடத்தில் வேறெதுவோ என்றும் நிற்க, அதையும் விட்டுவிட்டார்.

ஏலத்தில் போன ஒரு கடிதக் கட்டை ஆராயும் நெதர்லாந்து மாணவி ஒருத்தி அக்காவைத் தேடி மின்னஞ்சல் எழுதினாள். யுகேந்திரன் முப்பத்தொரு கொப்பிகளையும் படமெடுத்து அனுப்பினார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. தன்னிடமுள்ள கடிதக் கட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தும், ஒவ்வொரு வரியிலும் பாதி விளங்கவில்லை என்றும், அதை வாசிக்க எழுதியவர் ஒருவரால் மட்டுமே முடியும் என்றும் எழுதியிருந்தாள்.

போன சனிக்கிழமை அவள் வீடியோ அழைப்பில் வந்தாள். மூலக் கடிதமொன்றைக் கையில் வைத்துச் சத்தமாக வாசித்தாள். அக்கா கதிரையில் முன்னுக்குச் சரிந்து, மூச்சை அடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் முடிந்தது.

"ஏதும் விளங்குதோ?" என்று யுகேந்திரன் கேட்டார்.

"இல்லை" என்றார் அக்கா. கண் கலங்கியிருந்தது. "அந்தப் பிள்ளை கெதியா வாசிக்குது. ஆறுதலா, ஒவ்வொரு சொல்லா வாசிக்கச் சொல்லுங்கோ."

யுகேந்திரன் சொன்னார். அவள் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினாள்.