தொடாமல் எழுப்புகிறவர்

என் வீட்டுக்காரர் போதை மறுவாழ்வு மையத்தில் ஆண் நர்ஸ். வார்டில் பாதிப் பேர் பழக்கதோஷத்தில் அவரை "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் கூச்சப்படாமல் திரும்பிப் பார்ப்பார். ஆள் ஆஜானுபாகு, குரல் மட்டும் அடுத்த அறைக்குக் கேட்காது. கல்யாணமான புதிதில், கோபப்படவே தெரியாத இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு எப்படிக் குடும்பம் நடத்துவது என்று கவலைப்பட்டேன். பிறகு அந்தப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் டியூட்டி முடிந்து வந்தபோது இடது கன்னம் வீங்கியிருந்தது. பல்வலியா என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். பொய்யும் வராது அவருக்கு.

"பேஷன்ட் கை பட்டுடுச்சு."

"கை பட்டா இப்படியா வீங்கும்?"

"கொஞ்சம் வேகமா பட்டுடுச்சு."

துணியில் ஐஸைச் சுற்றி ஒத்தடம் கொடுத்தபடியே விஷயத்தைக் கறந்தேன். அந்த பேஷன்ட் ஒரு லிஃப்ட் மெக்கானிக், குடியை நிறுத்த வந்து சேர்ந்தவர். காலையில் மாத்திரை கொடுப்பதற்காக எல்லாரையும் எழுப்ப வேண்டும். என் வீட்டுக்காரர் அந்த ஆளின் தோளைத் தொட்டு உலுக்கியிருக்கிறார். கண்ணைத் திறப்பதற்கு முன்பே அந்த ஆள் ஓங்கி அறைந்துவிட்டார். அறைந்த வேகத்தில் சுவரோரமாக ஒடுங்கி, இரண்டு கையாலும் தன் தலையை மூடிக்கொண்டாராம்.

ஊழியர் மேல் கை வைத்தால் வெளியே அனுப்பிவிட வேண்டும் என்பது மையத்தின் சட்டம். அந்த மெக்கானிக்கை முன்பு சேர்ந்திருந்த இடங்களிலும் முரடன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். போன கையோடு மறுபடி குடித்தார். இனிக் குடித்தால் கல்லீரல் தாங்காது, உயிர் மிஞ்சாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

எனக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. என் புருஷன் கன்னம்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

"அனுப்பிட்டாங்கல்ல?"

"அடி வாங்கினது நீங்க, நீங்களே சொல்லுங்கன்னு டாக்டர் கேட்டாங்க. அவர் என்னை அடிக்கல, தூக்கத்துல அவரை யாரோ அடிக்க வந்தாங்க, அவங்களைத்தான் அடிச்சாருன்னு சொன்னேன்."

"யாரோ வந்ததுக்கு உங்க கன்னமா கிடைச்சுது?"

சிரிக்கப் பார்த்தார், வலித்தது. டாக்டரம்மா ஒத்துக்கொண்டாராம். ஆனால் இன்னொரு தடவை கை ஓங்கினால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டாராம்.

மறுநாள் இவர் அந்த மெக்கானிக்கோடு உட்கார்ந்து பேசியிருக்கிறார். ஏன் அடித்தார் என்று கேட்டீர்களா என்று நான் துளைத்தேன்.

"கேக்கல. ஏன்னு கேட்டா பழசையெல்லாம் கிளறணும். அவருக்கு எப்பச் சொல்லத் தோணுதோ அப்பச் சொல்லட்டும். உங்களை எப்படி எழுப்பணும்னு மட்டும் கேட்டேன்."

அந்த மனுஷன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாராம். "வாசல்லயே நில்லுங்க சார். முதல்ல லைட்டைப் போடுங்க. யாருன்னு சொல்லுங்க. அப்புறம் கூப்பிடுங்க. எங்கப்பா இருட்டுலதான் எழுப்புவார்."

எதைக் கொண்டு எழுப்பினார் என்று இவர் கேட்கவில்லை. மெக்கானிக்கே மேலே தொடர்ந்தாராம். "வீட்டுல என் பொண்ணு ஓடிவந்து மேல விழுவா. தூக்கக் கலக்கத்துல அவளை அடிச்சிடுவேனோன்னு பயந்து கம்பெனியிலேயே படுத்துப்பேன். அங்க தூக்கம் வராது. குடிச்சா வரும்."

இதைக் கேட்டதும் என் கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பாதி போனது.

அன்றிலிருந்து தினமும் வாசலில் நின்று விளக்கைப் போட்டு, "நான்தான், சிஸ்டர் வந்திருக்கேன்" என்று இவர் குரல் கொடுப்பார். அறையில் இருந்த மற்றவர்கள், மாப்பிள்ளைக்குப் பள்ளியெழுச்சி நடக்குது என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்கள். லீவு நாளில் வீட்டிலிருந்து போன் போட்டு, "மறந்துடாதீங்க, தொடாம எழுப்புங்க" என்று அடுத்த டியூட்டிக்காரரின் உயிரை எடுப்பார்.

"என்னை ஒருநாளாவது இப்படித் தாங்கியிருக்கீங்களா?" என்று வம்புக்கு இழுத்தேன்.

நிஜமாகவே யோசித்துவிட்டு, "உன்னை எப்படி எழுப்பணும்?" என்று கேட்டார்.

"இந்த வீட்டுல என்னை எழுப்பறதுக்கு எனக்கு முன்னாடி யாரு முழிச்சிருக்கா?"

மறுநாள் விடியற்காலையில் படுக்கையறை வாசலில் நின்று விளக்கைப் போட்டு, தான் இன்னார் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். கையில் காபி. எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கிவிட்டது.

மெக்கானிக் வீடு திரும்பும் நாள் நெருங்கியது. ஒரு காலையில் இவர் வாசலில் நின்று குரல் கொடுத்தபோது அந்த ஆள் ஏற்கெனவே விழித்திருந்தார்.

"நாளைக்குத் தொட்டு எழுப்புங்க சார். நல்லாத் தூங்கும்போது. பொண்ணு இருக்கா வீட்டுல."

தவறினால் சட்டப்படி வெளியே போக வேண்டியிருக்கும் என்று இவர் நினைவுபடுத்தினாராம். பரவாயில்லை, மகள் மேலே வந்து விழுவதற்கு முன்னால் இங்கேயே தெரிந்துவிடட்டும் என்றாராம். இவர் டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அவரும் யோசித்துச் சரி என்று சொல்லி, மறுநாள் அறை வாசலில் தானே வந்து நின்றாராம்.

அன்று வீடு திரும்பியதும் முதல் வேலையாகக் கன்னத்தைத்தான் பார்த்தேன். வீக்கம் இல்லை. ஆனால் சாப்பிட உட்கார்ந்தவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"என்ன ஆச்சு?"

"தோளைத் தொட்டேன். கை வேகமா மேல வந்துச்சு."

"அய்யோ."

"பாதியிலேயே நின்னுடுச்சு. அவர் கண்ணையே திறக்கல. நான்தான், சிஸ்டர்னு சொன்னேன். அந்தக் கையை மெதுவா இறக்கி, தோள் மேல இருந்த என் கையைப் பிடிச்சுக்கிட்டார். விடவே இல்ல."