காற்றில் பொறுக்கிய எழுத்து

பெசன்ட் நகர் கடற்கரையில் தாய்ச்சி என்னும் மெதுவான சீன உடற்பயிற்சி வகுப்பு. நான் ஓரமாக நின்று பார்க்கிறேன். "மெதுவா, சார்" என்கிறார் ஆசிரியர், பயில்பவர் ஒருவரிடம். அப்பா நினைவுக்கு வருகிறார்.

தம் முப்பது வயதுகளில் அப்பா அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தார். தோள் இறுகி, கை எழுத்துப் பெட்டியின் மேல்தட்டுக்கு எட்டவில்லை. எட்டாவிட்டால் வேலை போய்விடும். மயிலாப்பூரில் பல் கட்டும் தொழில் செய்த சீனக்காரர் ஒருவர், கிராம்பெண்ணெய் மணக்கும் தம் வீட்டு மாடியில், அவருக்குத் தாய்ச்சி பழக்கினார். மீன்காரிகளிடம் தமிழ் கற்றவர்.

பயிற்சியிலும் அப்பாவின் விரல்கள், எழுத்து எடுப்பதுபோல, வெடுக்கென்று கொத்தும். "இன்னா நைனா, காத்துல எழுத்து பொறுக்கிக்கினு கீறே? மெதுவா!" என்பார் சீனக்காரர்.

மழைக்காலம் முடிவதற்குள் கை உயர்ந்தது. அச்சகத்துக்குத் திரும்பிய அப்பா ஒவ்வோர் எழுத்தையும் நிதானமாக எடுத்தார். ஃபோர்மன் சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேலையிலிருந்து நீக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"கை வந்துடுச்சு. அவசரம் போயிடுச்சு" என்றார் அப்பா, அம்மாவிடம்.

"நீங்களும் வாங்க சார்" என்கிறார் ஆசிரியர், என்னைப் பார்த்து. நான் ஓய்வுபெற்றவன், என்னை அனுப்ப இனி யாருமில்லை. கையைத் தூக்குகிறேன்.