ஏழு டப்பாவும் நிரம்பி வந்த தையல் கூடம்

தெருவில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டப்பாக்கா, அவ்வளவுதான். டி.பி. பரிசோதனை முகாமுக்காகச் சளி எடுக்க, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்களைச் சுமந்துகொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவது அவள் வேலை. அந்த நாலு மாடிக் கட்டடத்தில் மட்டும் ஐந்து பாஷைகள். பாஷை கைகொடுக்காத இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தானே இருமிக் காட்டுவாள். இரண்டாம் மாடிப் பெரியவர் ஒருமுறை பதறிப்போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மேல்மாடித் தையல் கூடத்தில்தான் அவள் பருப்பு வேகவில்லை. சூப்பர்வைசர் மூக்காலேயே பேசுகிற ஆள். வாசலில் குறுக்கே நின்றுகொண்டார்.

"மெஷின் நின்னா நீயாம்மா பதில் சொல்வ? டப்பாவ வச்சிட்டுப் போ. காலைல வந்து வாங்கிக்க."

விதிப்படி கண் முன்னால் இருமவைத்துத்தான் வாங்க வேண்டும். ஆனால் உள்ளே தைக்கிற ஏழு பேரில் ஒருவன் அவள் தம்பி. பிறகென்ன? ஏழு டப்பாவிலும் பெயர் ஒட்டி அவனிடம் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் ஏழும் நிரம்பி வந்தன. இத்தனை நாள் கதவே திறக்காத இடம் என்று முகாம் பொறுப்பாளர் எல்லோர் முன்னாலும் மெச்சினார்.

இரண்டு நாள் கழித்து, பகல் சுற்றில் இருந்தபோது லேப் பெண் போன் செய்தாள்.

"அக்கா, அந்தத் தையல் கூடம்... ஏழும் பாசிட்டிவ்."

"ஏழுமா? எதையோ மாத்திப் பாத்திருப்ப."

"ரெண்டு தடவ பாத்துட்டேன்க்கா. அதேதான் வருது."

சுற்றைப் பாதியில் விட்டு வீட்டுக்கு ஓடினாள். தம்பிக்கு மாலை ஷிப்ட். பகலெல்லாம் அவள் குழந்தையை அவன்தான் பார்த்துக்கொள்கிறான்.

வீட்டில், தெருச் சத்தத்துக்குக் குழந்தை எழுந்துவிடுமென்று தம்பி ஜன்னலை இறுகச் சாத்தியிருந்தான். குழந்தை அவன் மார்பில் குப்புறப் படுத்து, அவன் கழுத்தில் வாய் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஏண்டா, ஏழு டப்பாவையும் யார் நிரப்புனது?"

அவன் சிரித்தான். "கண்டுபிடிச்சிட்டியா?"

"சொல்லுடா."

"அவனுங்க வெறும் எச்சிலத் துப்புறானுங்க. அக்காவுக்கு மறுபடி நாலு மாடி ஏறணுமேன்னு எல்லாத்துலயும் நானே துப்பிட்டேன். எனக்குத்தான் கேட்டவுடனே சளி வருதே."

"எத்தன நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும். துணித் தூசி. என் இருமல் பழைய ஸ்கூட்டர் மாதிரி இருக்குன்னு நீதானே கிண்டல் பண்ணுவ."

அவள் போய் ஜன்னலைத் திறந்தாள். திரும்பி வந்து குழந்தையைத் தூக்கினாள்.

"தூங்குதுக்கா, விடு."

அவள் விடவில்லை. அப்போதுதான் அவன் சிரிப்பு நின்றது.

"எனக்கா? ... சூப்பர்வைசருக்குத் தெரிய வேணாம்க்கா. ஏழு பேரையும் வெளிய தள்ளிடுவான்."

அவள் லேபுக்குப் போன் போட்டாள்.

"ஏழு இல்லம்மா, ஒண்ணுதான். மிச்ச ஆறு பேர இன்னும் பாக்கவே இல்ல. தப்பு என்னோடதுன்னு எழுதிக்க. கூட எங்க வீட்டு ஆளுங்களையும் சேத்துக்க."

"சரிக்கா. வீட்டுல முதல் ஆளு வயசு?"

தோளில் கிடந்த குழந்தை உடம்பு கொதித்தது. தூக்கச் சூடுதான் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"ஒண்ணரை," என்றாள்.