சாட்சிக்கு வைத்த பாதாங்கொட்டைகள்

நாகலூர்ப் பக்கம் என்னை எடை திருடியவள் என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சொல்லட்டும். எழுபதுகளில் ஒரு மாலை, அந்த மலையில் ஒரு காப்பி எஸ்டேட்டில் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

காப்பிக் களத்துக்குப் பக்கத்தில் ஒரு நாட்டு பாதாம் மரம் நின்றது. கடலோரத்திலும் தீவுகளிலும் தானாக வளர்கிற மரம். எந்தத் துரை கொண்டுவந்து இந்தக் குளிரில் நட்டானோ தெரியாது. காய்க்கும், பழுக்கும், விழும். எங்கள் ஆட்கள் யாரும் சீண்ட மாட்டார்கள். நான் சேலத்தில் அத்தை வீட்டில் தங்கி எட்டாவது வரை படித்தவள். அங்கே பள்ளிக்கூடத்து மரத்தடியில் புளிப்பும் இனிப்புமான பழத்தைக் கடித்துத் தின்று, கொட்டையைக் கல்லால் உடைத்துப் பருப்பெடுப்போம். பாதி நாள் விரல்தான் நசுங்கும். அப்படியும் விட்டதில்லை.

அன்று மத்தியானச் சோறு தின்று எழுந்தபோது ஏழெட்டுக் கொட்டைகளைப் பொறுக்கி, இடுப்பில் கட்டியிருந்த பறிப்புச் சாக்கில் போட்டேன். சாயங்காலம் உடைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. அதன் மேலேயே காப்பிப் பழத்தைப் பறித்து நிரப்பி, கொட்டைகளைச் சுத்தமாக மறந்துபோனேன். நான் செய்த தவறு அவ்வளவுதான்.

எங்களுக்கு எடைக்குத்தான் கூலி. நிறுத்த பழத்தைப் படுதாவில் கொட்டியதும் கொட்டைகள் உருண்டு, எடைக் கணக்கு எழுதுகிற ரைட்டரின் காலடியில் போய் நின்றன.

"எடைக்குப் போட்டிருக்கறயா?" என்றார்.

"இல்லீங்க, திங்கறதுக்கு."

"பொய் சொல்லாத புள்ள. அதை மாடு கூடத் திங்காது."

கொட்டைகளைப் பொறுக்கிச் சாட்சிக்கென்று மேசை மேல் வரிசையாக வைத்தார். எடையில் ஏமாற்றியவள் எல்லோர் முன்னாலும் தராசைத் தொட்டுக் கும்பிட்டு, 'தப்புதானுங்க' என்று சொல்ல வேண்டும். அது அந்த எஸ்டேட் வழக்கம். சொன்னால் மறுநாள் வேலை உண்டு, இல்லாவிட்டால் கிடையாது. ஒரு தப்பும் செய்யாதவர்கள்கூடச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

வரிசையில் எனக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தாள். "சொல்லிப்போடு கண்ணு. ஒரு வார்த்தைதானே," என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ரைட்டர் மேல் இருந்த கோபத்தைவிட அம்மா மேல் அதிகம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் சாகிற வரைக்கும் நான் திருடிதானே.

"எடைக்குப் போடறதுன்னா வழியெல்லாம் கல்லு கெடக்குதுங்க. மரத்தடியில போய் எதுக்குங்க பொறுக்கோணும்?" என்று கேட்டேன்.

"வாய் பேசாத. தராசைத் தொடு."

தொடவில்லை. பக்கத்தில் இருந்த இரும்பு எடைக்கல்லைத் தூக்கினேன். அவர் பயந்து நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். மேசை மேல் இருந்த கொட்டைகளைக் களத்துச் சிமெண்டில் வைத்து ஒன்றொன்றாக உடைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பருப்பை எடுத்து மென்றேன். சாட்சியை நான் தின்று தீர்ப்பதை வரிசையில் நின்ற பெண்கள் எல்லாம் பார்த்தார்கள். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நாளைக்கு வேலைக்கு வராத," என்றார் ரைட்டர்.

"வரலீங்க," என்றேன்.

கடைசிக் கொட்டையின் பருப்பை அம்மாவிடம் நீட்டினேன். வாங்கமாட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள், ரைட்டரைப் பார்த்தாள். பிறகு அதை வாங்கி வாயில் போட்டு நிதானமாக மென்று விழுங்கினாள்.

"நல்லாத்தானுங்க இருக்குது," என்றாள் அவரிடம். தன் இடுப்பிலிருந்த சாக்கை, நிறைந்த பழத்தோடு அவிழ்த்துத் தராசுத் தட்டில் வைத்தாள்.

"இதை நிறுத்துக் கணக்கை முடிச்சுப்போடுங்க. நாளைக்கு நானும் வரலீங்க."